பௌத்தம் படித்தால் சோறு கிடைக்குமா? களுவாஞ்சிகுடித் தங்கச்சிக்கு ஒரு நீண்ட பதில்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இந்து நாகரிகம் சிறப்புக் கலை, மூன்றாம் வருடம். மணிமேகலை படித்ததிலிருந்து பௌத்தத்தில் ஒரு பிடிப்பு விழுந்துவிட்டதாம். மேற்படிப்பைப் பௌத்தம், ஆசியச் சமயங்கள் என்று அந்தப் பக்கமாகக் கொண்டுபோகலாமா, ஸ்கொலர்ஷிப் கிடைக்குமா, படித்து முடித்தால் வேலை இருக்கா என்பது கேள்வி. அப்பா "பட்டதாரி நியமனம் வரும், பேசாமல் இரு" என்கிறாராம். அம்மாவுக்கு மகள் பிக்குணியாகிவிடுவாளோ என்று யோசனை.

தங்கச்சி, அம்மாவின் யோசனையை முதலில் முடித்துவிடுவோம், அதுதான் லேசு. நான் காரைதீவு ஆள். பௌத்தக் கற்கையில் எம்.ஏ. செய்யக் கொழும்புக்குப் புறப்பட்ட அன்று என் அம்மா கண்ணகை அம்மன் கோயில் நூலைக் கையில் கட்டி, "அங்க என்ன ஓதினாலும் இதக் கழட்டிராத மகன்" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றிவிட்டார். நூல் இரண்டு வருடத்தில் இற்றுத் தானாக விழுந்தது. நான் இன்றைக்கும் கண்ணகை அம்மனின் வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்கு ஊரில் நிற்கிற ஆள்தான். ஒரு சமயத்தைப் பின்பற்றுவதற்குப் படிப்பது வேறு, அதைப் பற்றிப் படிப்பது வேறு. வெளியே பல்கலைக்கழகங்களில் சமயக் கற்கை என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான். அங்கே பௌத்தம் படிப்பிக்கிறவர்களில் யூதர், கத்தோலிக்கர், ஒன்றையும் நம்பாதவர் எல்லாரும் இருக்கிறார்கள், யாரும் யாரிடமும் பஞ்சசீலம் எடுத்தாயா என்று கேட்பதில்லை.

ஆனால் இந்த வித்தியாசத்தில் உங்களுக்கே ஒரு வேலை இருக்கிறது, அம்மாவுக்கு விளங்கப்படுத்திவிட்டு நிறுத்திவிட முடியாது. ஏ.எல். தொடக்கம் நாம் எழுதிப் பழகிய கட்டுரை "சைவத்தின் சிறப்பை ஆராய்க" வகை. கேள்வியிலேயே விடை இருக்கும், நாம் போய்ச் சோடித்துவிட்டு வருவோம். அந்தக் கையோடு ஆராய்ச்சி விண்ணப்பம் எழுதினால் முதல் பக்கத்திலேயே தூக்கி வைத்துவிடுவார்கள். நான் எழுதிய முதல் ஆய்வு முன்மொழிவு "தமிழர் பௌத்தத்துக்கு ஆற்றிய பெரும் தொண்டு" என்று தொடங்கியது. அதை வாசித்த பேராசிரியர் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பித் தந்தார். வேறு ஒரு சொல்லும் இல்லை. அந்தக் கேள்விக்குறி எனக்கு விளங்க ஆறு மாதம் போனது.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தத் துறையில் காசு மாதிரிச் செல்லுபடியாவது மொழி. எத்தனை டிப்ளோமா வைத்திருக்கிறீர்கள் என்பது பிறகு. எந்த மூலத்தை எந்த மொழியில் நேரடியாக வாசிப்பீர்கள் என்பதுதான் விண்ணப்பத்திலும் நேர்முகத்திலும் முதல் கேள்வி. இலங்கையில் உள்ள தேரவாதப் பௌத்தம் என்றால் அதன் மூல நூல்களின் பழைய மொழியான பாளி. சீனா, திபெத்துப் பக்கத்து மகாயானப் பௌத்தம் என்றால் சமஸ்கிருதத்தோடு சீனமோ திபெத்தோ. இலங்கையில் களவேலை என்றால் சிங்களம். வெளிநாட்டில் பி.எச்.டி. என்றால் இதற்கு மேலாகப் பிரெஞ்சோ ஜெர்மனோ வாசிக்கிற அளவுக்குக் கேட்பார்கள், ஏனென்றால் இந்தத் துறையின் பழைய வேலையில் பாதி அந்த மொழிகளில் கிடக்கிறது.

பாளி என்றதும் பயப்பட வேண்டாம். என் முதல் வகுப்பைச் சொல்கிறேன். படிப்பித்த ஹாமுதுரு (பிக்கு) கரும்பலகையில் எல்லாவற்றையும் சிங்கள எழுத்தில் எழுதினார். எனக்கு அப்போது தெரிந்த சிங்களம் பஸ்ஸின் பெயர்ப்பலகை வாசிக்கிற அளவு. இரண்டு கிழமை எழுத்தைப் படம் கீறுவது போலக் கீறிக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் இருந்த பங்களாதேசப் பிக்கு ஒருவர் பாவம் பார்த்துத் தன் கொப்பியைத் தள்ளிவிட்டார், அவர் ரோமன் எழுத்தில் எழுதியிருந்தார். புத்தோ, புத்தம், புத்தேன, புத்தஸ்ஸ என்று வரிசை இறங்கிக்கொண்டு போனது. எண்ணிப் பார்த்தால் எட்டு. நமக்குப் பள்ளியில் ஐ, ஆல், கு என்று பாடமாக்கிய அதே எட்டு வேற்றுமை! "புத்தம் சரணம் கச்சாமி" என்று போயா தினத்தில் லவுட்ஸ்பீக்கரில் கேட்டுக் கேட்டு மனதில் நிற்கிறதே, அந்தப் "புத்தம்" இல் இருக்கிற "ம்" வெறும் இரண்டாம் வேற்றுமை உருபு, "புத்தரை" என்று அர்த்தம். ஆங்கிலம் மட்டும் தெரிந்து வருகிற பிள்ளைக்கு வேற்றுமை என்றால் என்ன என்று விளங்கவே நாள் எடுக்கும். தமிழ் இலக்கணம் ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு அது ஒரு பின்னேர வேலை. பாளி-ஆங்கில அகராதி என்று 1921 இலிருந்து 1925 வரை பகுதி பகுதியாக வந்தது இப்போது இணையத்தில் சும்மா கிடக்கிறது. அதை வெளியிட்ட பாளி நூல் சங்கத்தை 1881 இல் தொடங்கிய ரைஸ் டேவிட்ஸ் இலங்கையில் சிவில் சேவையில் இருந்தபோதுதான் பாளி படிக்கத் தொடங்கினார். அவருக்கு முடிந்தது நமக்கு முடியாதா என்ன.

மறுகா, உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற சாமானைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் விலை உங்களுக்குத் தெரியாது. தமிழ்நாட்டுக்கும் பாளிக்கும் உள்ள தொடர்பு சின்ன விஷயம் இல்லை. உறையூர்க்காரரான புத்ததத்தர் காவிரிக்கரைப் பூதமங்கலத்து விகாரையில் இருந்து பிக்குமாரின் ஒழுக்க விதியைச் சொல்லும் வினய நூல் எழுதினார், அந்த நேரம் ஆண்டவன் களப்பிர குலத்து அச்சுதவிக்கந்தன் என்று நூலின் முடிவில் குறிப்பும் வைத்தார். களப்பிரர் காலத்தை இருண்ட காலம் என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போகிற நம் பாடப்புத்தகம் இதைச் சொல்வதில்லை. அனுராதபுரத்தில் உரை எழுதிய புத்தகோசரே தான் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தம் உரை ஒன்றின் கடைசியில் சொல்கிறார். 11 ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் வீரராசேந்திர சோழன் பெயரில் வீரசோழியம் என்று இலக்கணம் எழுதினார், அதற்குப் பெருந்தேவனார் எழுதிய உரையில் இன்றைக்கு முழுதாக இல்லாத பௌத்தத் தமிழ் நூல்களின் பாட்டுகள் உதிரியாகக் கிடக்கின்றன. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி விகாரைக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்த செப்பேடு ஒல்லாந்துக்குப் போய் லெய்டன் செப்பேடு என்று பெயர் வாங்கியது. அதே நாகப்பட்டினத்தில் 1856 இலிருந்து தோண்டத் தோண்ட ஏறத்தாழ 350 பௌத்த வெண்கலங்கள் வெளியே வந்தன.

இங்கேயும் தூரம் போகத் தேவையில்லை. திருகோணமலைப் பெரியகுளத்துப் பக்கம் வெல்கம் விகாரை இருக்கிறது, சோழர் காலத்தில் அதற்குப் பெயர் ராஜராஜப் பெரும்பள்ளி. தமிழ்க் கல்வெட்டில் நெய்விளக்கு, பசு என்று தானக்கணக்கு, கொடுத்தது ஒரு பௌத்த விகாரைக்கு. இந்தக் கல்லின் முன்னால் நின்று பார்த்தால் "தமிழன் என்றால் சைவம், சிங்களவன் என்றால் பௌத்தம்" என்று நாம் எல்லாரும் மூளைக்குள் போட்டு வைத்திருக்கிற பெட்டி கொஞ்சம் ஆடும்.

இவ்வளவும் இருந்தும் இதில் வேலை செய்கிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். காரணம் லேசானது, பாளி தெரிந்தவருக்குத் தமிழ் தெரியாது, தமிழ் தெரிந்தவர் பாளிப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. வெளிநாட்டுப் பிள்ளை சங்கத் தமிழ் படிக்க ஐந்து வருடம் செலவழித்துவிட்டுத்தான் மணிமேகலையைத் திறக்கும். நீங்கள் அதைச் சும்மா படுத்திருந்து வாசித்திருக்கிறீர்கள். அதன் 27 ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி நகரில் தாபத வேடம் போட்டுக்கொண்டு வைதிகவாதி, சைவவாதி, ஆசீவகன், நிகண்டன், பூதவாதி என்று ஒவ்வொரு சமயக்காரனிடமும் போய் "உன் கொள்கை என்ன, சொல்" என்று கேட்கிறாளே, ஒப்பீட்டுச் சமயம் என்று இப்போது பெரிய பெயரில் சொல்வதைத்தான் அவள் அங்கே செய்கிறாள். 29 ஆம் காதையில் வருகிற தருக்கப் பகுதி சங்கரசுவாமி எழுதியதாகச் சொல்லப்படும் நியாயப்பிரவேசம் என்ற சமஸ்கிருத நூலோடு ஒட்டிப் போகிறது. எந்த இடத்தில் ஒட்டுகிறது, எங்கே விலகுகிறது, வடமொழிச் சொல்லுக்குச் சாத்தனார் தமிழில் என்ன போட்டார் என்று உட்கார்ந்து பார்த்தால் அதுவே ஒரு எம்.பில். ஆகும். ஆனால் அதற்குச் சமஸ்கிருதம் வேண்டும். பார்த்தீர்களா, திரும்பவும் மொழியிலேயே வந்து நிற்கிறோம்.

ஏட்டில் பிடிப்பில்லை, ஆட்களோடு கதைத்துத்தான் பழக்கம் என்றால் மட்டக்களப்பு, அம்பாறை என்று நம் மாவட்டங்கள் இரண்டும் தங்கச் சுரங்கம். காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் என்று கரையோரம் முழுக்கக் கண்ணகை கோயில், வைகாசியில் கதவு திறந்து கண்ணகி கதைப் பாட்டான வழக்குரை படித்துக் குளிர்த்தியோடு முடியும். அதே கண்ணகை மலையைத் தாண்டிப் போனால் பத்தினித் தெய்யோ, அங்கே கம்மடுவ என்ற சடங்கில் சிங்களத்தில் அதே கதையைப் பாடுவார்கள். கணநாத் ஒபயசேகர பத்தினி வழிபாட்டைப் பற்றி 1984 இல் எழுதிய பெரிய நூல் உலகம் முழுக்க வாசிக்கப்படுகிறது. அக்கரைப்பற்றில் வந்து தங்கி டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்கர் தமிழ், முஸ்லிம் ஊர்களின் குடிமுறையையும் கோயில் உரிமையையும் ஆராய்ந்து 2008 இல் புத்தகம் போட்டார். கண்ணகைக்கு என்று நடக்கும் எங்கள் கொம்பு விளையாட்டைப் பற்றி ஒரு கூத்துச் சொல்கிறேன். சின்ன வயதில் அப்பப்பா, "நாம தென்சேரி, அவனுகள் வடசேரி, அந்தப் பக்கம் சாப்பிடாத" என்று திருவிழாக் காலத்தில் சொல்வார், வீட்டுக்குள்ளேயே கட்சி. கொழும்பில் ஒரு சிங்களச் சிநேகிதி தன் ஊர் அங்கெளியவைப் பற்றிக் கதைக்கும்போது உடுபில, யட்டிபில என்று இரண்டு கட்சி, கொம்பைக் கொளுவி இழுப்பது, உடைந்த பக்கத்தைப் பழிப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றைக்குத்தான் எனக்கு ஒரு கேள்வி கிடைத்தது, அதுவரை என்னிடம் இருந்தது தலைப்பு மட்டும்.

இது கண்ணகையோடு முடிகிற விஷயமும் இல்லை. கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றம் நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாவின் பெயரில் நடப்பது. உகந்தை வழியாகக் குமண காட்டுக்குள்ளால் கதிர்காமம் நடக்கிற பாதயாத்திரை வேறு. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் ஏடுகள் வேறு. காத்தான்குடி, சம்மாந்துறைத் தம்பி தங்கச்சிமாரும் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும், ஆசியச் சமயங்கள் என்றால் நீங்களும் உள்ளேதான். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைக்கும் அரபு மொழிக்கும் என்றே ஒரு பீடம் இருக்கிறது, அங்கே அரபு படித்த பிள்ளை தென்னாசிய சூபி மரபு என்று போனால் மொழிச் சிக்கலில் பாதி முடிந்த மாதிரி.

எங்கே படிப்பது? இலங்கைக்குள் பௌத்தக் கற்கைக்குக் குறைவில்லை. வித்தியோதய பிரிவேனா 1873, வித்தியாலங்கார பிரிவேனா 1875, இரண்டும் 1959 இல் பல்கலைக்கழகமாகி இப்போது ஜயவர்தனபுர, களனி என்று இருக்கின்றன. பேராதனையில் பாளி, பௌத்தக் கற்கைத் துறை பலமானது. ஹோமாகமையில் பௌத்த, பாளிப் பல்கலைக்கழகம். பட்டம் முடித்தவருக்கு நான் முதலில் காட்டுகிற இடம் களனியோடு இணைந்து கொழும்பில் இருக்கிற பாளி, பௌத்த பட்டப்பின் கற்கை நிறுவனம். அங்கே ஆங்கில மூலம் எம்.ஏ. செய்யலாம், வியட்நாம், மியன்மார் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆள் வருவதால் நம்மை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. வேறு துறையில் பட்டம் எடுத்தவருக்கு என்ன முன்நிபந்தனை என்று விண்ணப்பம் கோரும்போது வடிவாக வாசியுங்கள்.

ஒன்று கவனம். நம் நாட்டுத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறி மட்டும் உள்ள ஒரு வருட எம்.ஏ. 9 ஆம் மட்டம், ஆராய்ச்சிப் பகுதியும் சேர்ந்த இரண்டு வருட முதுமாணி 10, எம்.பில். 11, கலாநிதி 12. பின்னாளில் விரிவுரையாளர் பதவிக்குப் போகிற யோசனை இருந்தால் 9 இல் நின்றுவிடாதீர்கள். கெதியாக முடியும் என்று ஒரு வருடத்தை எடுத்துவிட்டுப் பிறகு திரும்பவும் முதலிலிருந்து தொடங்கிய சிநேகிதர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

இந்தியா பக்கம், செலவுக்கும் தூரத்துக்கும் நமக்கு ஒத்துவரும். இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக வருகிற ஐ.சி.சி.ஆர். (இந்தியக் கலாசார உறவுகள் பேரவை) ஸ்கொலர்ஷிப்புகள் கட்டணத்தோடு மாதக் கொடுப்பனவும் தரும். ராஜகிரில் 2014 இல் வகுப்புத் தொடங்கிய புதிய நாளந்தா பல்கலைக்கழகத்தில் பௌத்தம், மெய்யியல், ஒப்பீட்டுச் சமயம் மூன்றையும் சேர்த்து ஒரு பீடம் இருக்கிறது, ஆங்கில மூலம். புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1955 இலிருந்து சைவ ஆகமச் சுவடிகளில் வேலை செய்கிற இடம், இந்து நாகரிகம் படித்த உங்களுக்கு அங்கே ஒரு மாதம் போய் இருந்தாலே கண் திறக்கும்.

ஐரோப்பாவில் ஜெர்மனியை முதலில் பாருங்கள். ஹம்பர்க்கில் பௌத்தக் கற்கையும் தமிழும் சுவடியியலும் ஒரே பல்கலைக்கழகத்துக்குள், படிப்புக் கட்டணமும் கிடையாது. ஹைடல்பேர்க்கில் தென்னாசிய நிறுவனம் உண்டு, ஆனால் அது இருக்கிற மாநிலம் 2017 இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. கட்டணம் இல்லை என்றதும் துள்ளாதீர்கள், மாணவர் விசாவுக்கு வங்கியில் முடக்கி வைத்துக் காட்ட வேண்டிய தொகை 2024 இல் வருடத்துக்கு 11,904 யூரோவாக ஏறியது. காணியை ஈடு வைத்து இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது. ஸ்கொலர்ஷிப் வந்தால் போங்கள், வராவிட்டால் அடுத்த வருடம் திரும்பப் போடுங்கள். இங்கிலாந்துக்கும் அதே கதைதான். பிரித்தானிய அரசின் செவனிங் ஸ்கொலர்ஷிப் கிடைத்தால் ஒரு வருட முதுமாணி முழுச் செலவோடு, ஆனால் அதற்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்பார்கள், முடிந்ததும் இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

அமெரிக்கா, கனடா வேறு கணக்கு. அங்கே நல்ல பல்கலைக்கழகத்தில் பி.எச்.டி. என்றால் பெரும்பாலும் ஐந்து வருடத்துக்குக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் அவர்களே தருவார்கள், பதிலுக்கு நீங்கள் வகுப்பு எடுக்க உதவ வேண்டும். முதுமாணிக்கு அப்படி இல்லை, அதை இங்கேயோ இந்தியாவிலோ முடித்துக்கொண்டு நேரே பி.எச்.டி.க்குப் போடுவது புத்தி. சிகாகோ, பேர்க்லி இரண்டிலும் தமிழும் பௌத்தமும் ஒருங்கே இருக்கின்றன, டொரொண்டோவில் தமிழ்க் கற்கையும் பௌத்தத்துக்கு ஒரு தனி மையமும் உண்டு. ஜப்பானுக்குத் தூதரகம் வழியாக அரசாங்கப் புலமைப்பரிசில், விமானச் சீட்டு உட்பட. ஹொங்கொங்கிலும் பௌத்தக் கற்கை மையம் இருக்கிறது.

விண்ணப்பத்தில் நம் பிள்ளைகள் விழுகிற இடம் ஆங்கிலம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், ஐ.ஈ.எல்.டி.எஸ். ஒரு ஆறு மாதப் பயிற்சியில் கடக்கலாம். விழுகிற இடம் மின்னஞ்சல். "மதிப்புக்குரிய ஐயா, நான் தங்கள் கீழ் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறேன், தயவுசெய்து வாய்ப்புத் தரவும்" என்று நாற்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் நாற்பதும் குப்பைக்குள். ஒரு பேராசிரியரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய கட்டுரை ஒன்றை முழுதாக வாசித்து, "நீங்கள் பத்தினி பற்றிச் சொன்ன இந்த இடம் எங்கள் தம்பிலுவில் வழக்குரையில் வேறு மாதிரி வருகிறது, அதைப் பார்க்க விரும்புகிறேன்" என்று பத்து வரி எழுதுங்கள். மறுமொழி வரும். எனக்கு வந்தது, அதுவும் ஞாயிற்றுக்கிழமை இரவு. பி.எச்.டி. முடிவுத் திகதி அமெரிக்காவில் பெரும்பாலும் டிசம்பரில் வரும், வகுப்புத் தொடங்குவது அடுத்த ஆவணி புரட்டாதியில், ஆகவே ஒன்றரை வருடம் முன்னதாகவே வேலையைத் தொடங்க வேண்டும். சிபாரிசுக் கடிதம் மூன்று கேட்பார்கள். கடைசிக் கிழமையில் விரிவுரையாளரின் அறை வாசலில் போய் நிற்காதீர்கள், உங்களை யார் என்றே ஞாபகம் இல்லாதவர் என்ன எழுதுவார்?

இனி அப்பாவின் கேள்வி, வேலை. மழுப்பாமல் சொல்கிறேன், பேராசிரியர் கதிரை உலகம் முழுக்கக் குறைவு, இலங்கையில் இன்னும் குறைவு. சிறப்புப் பட்டத்தில் நல்ல வகுப்பு இல்லாமல் விரிவுரையாளர் விளம்பரத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது, ஆகவே மூன்றாம் வருடத்தில் நிற்கிற நீங்கள் இப்போதைக்கு எல்லாவற்றையும் விட்டு அந்த வகுப்பைப் பிடியுங்கள். வகுப்பு இருந்தும் இடம் வராமல் ஐந்து வருடம் தற்காலிக உதவி விரிவுரையாளராக, ஒப்பந்தம் முடிந்து புதுப்பித்து, முடிந்து புதுப்பித்துக் காலம் போனவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் இந்தப் படிப்பில் சேர்கிற மொழிகள் வேறு கதவையும் திறக்கும். சிங்களமும் ஆங்கிலமும் தமிழும் மூன்றும் எழுதத் தெரிந்த ஆள் இந்த நாட்டில் பட்டினி கிடந்ததை நான் பார்த்ததில்லை. அரச மொழிபெயர்ப்பாளர் சேவை ஒரு வழி, நீதிமன்றம், கச்சேரி எல்லா இடத்திலும் தமிழ்-சிங்கள ஆளுக்குத் தட்டுப்பாடு. நானே எம்.பில். காலத்தில் சாப்பிட்டது மொழிபெயர்த்த காசில்தான், பெரும்பாலும் விவசாயத் திணைக்களத் துண்டுப்பிரசுரங்கள், அதில் பௌத்தம் மருந்துக்கும் இல்லை. சுவடி, ஆவணம் பக்கம் போனால் 2005 இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணையத் தமிழ் நூலகம் மாதிரி எண்ணிம முயற்சிகள், சுவடிகள் திணைக்களம், அருங்காட்சியகம். சமாதானம், சகவாழ்வு என்று வேலை செய்கிற நிறுவனங்களுக்குச் சமயங்களை உள்ளிருந்து தெரிந்த ஆள் தேவை, ஆனால் அது திட்டக் காசு, திட்டம் முடிந்தால் வேலையும் முடியும்.

தொல்பொருளைப் பற்றிப் பேசாமல் அம்பாறைப் பக்கத்து ஆளுக்கு இந்தப் பதிலை முடிக்க முடியாது. தீகவாபி, பொத்துவில் முகுது மகா விகாரை, லாகுகலை மகுல் மகா விகாரை, மகிந்த தேரரின் பெயர் வருகிற, பிராமி என்ற பழைய எழுத்துக் கல்வெட்டு உள்ள ராஜகல என்று பழைய பௌத்த இடங்கள் எல்லாம் நம்மைச் சுற்றி. ஒவ்வொன்றையும் சுற்றிக் காணிப் பிரச்சினையும் உண்டு. 2020 இல் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கு என்று ஜனாதிபதிச் செயலணி அமைத்தபோது முதலில் போட்ட பட்டியலில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. கோபம் நியாயம். அந்தக் கோபத்தோடு நான் ஒரு கூட்டத்துக்கும் போயிருந்தேன். அங்கே ஒருவர் எழும்பி, "சரி, நம்மில பிராமி வாசிக்கிற ஆள் யாரு, கையத் தூக்குங்க" என்று கேட்டார். மண்டபத்தில் இருநூறு பேர் இருப்போம், இரண்டு கை எழும்பியது, அதில் ஒன்று பாதியில் இறங்கிவிட்டது. பிராமியும் பழைய சிங்களமும் பாளியும் வாசிக்கிற கிழக்கு மாகாணத் தமிழ் பேசுகிற பிள்ளைகள் பத்துப் பேர் வந்தால் கதை வேறு மாதிரிப் போகும். ஆனால் தங்கச்சி, அதற்காக ஆய்வேட்டை வழக்கறிஞரின் மனுப்போல எழுதத் தொடங்கினால் கெட்டுவிடும். கல்லில் என்ன இருக்கிறதோ அதை வாசியுங்கள், நமக்குப் பிடிக்காத வரியும் அதில் இருக்கும்.

அப்பாவிடம் இப்படிக் கதைத்துப் பாருங்கள். ஆசிரியர் நியமனம் வந்தால் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பள்ளியில் இந்து நாகரிகம் படிப்பித்துக்கொண்டே வார இறுதியில் முதுமாணி செய்யலாம், சேவையில் நிரந்தரமான பிறகு வெளிநாட்டுக்கு இடம் கிடைத்தால் சம்பளமற்ற கல்வி விடுமுறைக்கு விண்ணப்பிக்கலாம். நியமனம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை வீட்டில் கேட் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட இந்த ஒரு வருடத்தில் சிங்களம் எழுத வாசிக்க, பாளி முதல் பத்துப் பாடம் என்று இரண்டை முடித்துவிடுங்கள். செலவு இரண்டு கொப்பி. நாலாம் வருட ஆய்வேட்டுக்கு "சமயங்களில் பெண்" என்று கடல் மாதிரி எதையும் எடுக்காமல் உங்கள் ஊருக்குக் கிட்ட உள்ள ஒரே ஒரு கண்ணகை கோயில், ஒரே ஒரு வைகாசி என்று எடுங்கள். கோயிலில் பூசை செய்கிற கட்டாடியாரிடம் முதலே போய்க் கேளுங்கள், போனில் பதிவு செய்யலாமா, எந்த இடத்தில் கூடாது என்று. சில பாட்டு கதவு மூடிய பிறகு வாயில் எடுக்கவே மாட்டார்கள், அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும். அந்தப் பதிவும் நீங்கள் எழுதி எடுத்த பாட்டும்தான் பிறகு வெளிநாட்டு விண்ணப்பத்தில் மாதிரிக் கட்டுரையாகப் போகப்போகிறது.

பாளிப் பாடப் போட்டோக்கொப்பி என்னிடம் ஒன்று இருக்கிறது, ஓரமெல்லாம் என் தமிழ்க் குறிப்போடு, வேற்றுமை அட்டவணையில் தேத்தண்ணீர்க் கறையும் உண்டு. கல்முனைப் பக்கம் வருகிற யாரிடமாவது சொல்லிவிடுங்கள், கொடுத்துவிடுகிறேன். திருப்பித் தர வேண்டும்.